ஆங்கிலேயர் வழக்கும் அமெரிக்கர் ஏடும்

சில திங்களுக்கு முன்பு, யாம் பணிபுரியும் தோட்டத்துக் கணக்கறைக்கு முதியவர் ஒருவர் வந்தார். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் நாற்பது ஆண்டு உழைத்து ஓய்ந்தவர். அவர் கையில் நிர்வாகம் அனுப்பிய ஆங்கிலக் கடிதம் ஒன்று இருந்தது. வேலையினின்று நீங்கியோர் லயத்து வீட்டைக் குறித்த நாளுக்குள் ஒழித்துத் தருதல் வேண்டும் என்பதே அதன் சாரம். அதனைத் தட்டச்சிட்ட கை எமது கையே. அதனைத் தமிழிற் படித்துச் சொல்லும் கடமையும் எமக்கே வாய்த்தது.

"ஓய்ந்தவர்கள் கடைசி மட்டும் வீட்டில் இருக்கலாம் என்பது அந்நாள் தொட்ட வழக்கமாயிற்றே, ஐயா" என்றார் முதியவர்.

"வழக்கம் ஏட்டில் இல்லையே, பெரியவரே! எழுதியிருப்பதுதானே செல்லும்" என்றோம் யாம்.

அவர் கடிதத்தைச் சற்று நேரம் பார்த்திருந்தார். பின்பு, "இதை எழுதியவர் யார், ஐயா? எழுதும்போது எங்களில் யாரையேனும் கேட்டார்களா?" என்று வினவினார்.

அவ்வினாவிற்கு யாம் விடை கூறிலேம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற காலத்தில் இங்கிலாந்து மன்னர்களின் பெயர்களையும் அமெரிக்கத் தலைவர்களின் பெயர்களையும் வரிசை பிறழாமல் ஒப்பிப்போம். வழக்கம் பெரிதா, எழுத்துப் பெரிதா என்ற கேள்வியை அவ்விரு நாடுகளும் பல நூற்றாண்டுகளாக இரு வேறு வகையில் விடுத்து வந்துள்ளன என்பதையும் படித்தோம். ஆயினும், அம்முதியவர் கேட்ட கேள்வியை அந்நூல்களிடம் ஒரு நாளும் யாம் கேட்டதில்லை. இன்று கேட்டுப் பார்ப்போம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏட்டில் அடங்காத அரசியல்

இங்கிலாந்தின் அரசியற் சட்டம் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்பாராயின், ஒரு நூலை எடுத்துக் காட்டி இதுவே என்று கூறுதல் இயலாது. சில சாசனங்கள், பல சட்டங்கள், நீதிபதிகளின் தீர்ப்புகள், எழுதப்படாத மரபுகள் ஆகிய நான்கும் பின்னிய கயிறு அது. மன்னர் தாமே பிரதம மந்திரியைத் தெரிந்தெடுக்கலாம் என்பது சட்டம். காமன்ஸ் சபையின் நம்பிக்கையைப் பெற்றவரையே அழைத்தல் வேண்டும் என்பது மரபு. மரபை மீறினாற் சிறை இல்லை. எனினும் எவரும் மீறுவதில்லை. 1979-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், காமன்ஸ் சபையில் 311-க்கு 310 என ஒரே வாக்கில் தோற்ற காலகான் மந்திரிசபை, பொதுத் தேர்தலை நாடிச் சென்றது. அங்கு மரபுக்கு உள்ள வலிமை அத்தகையது.

இக்கயிற்றின் முதல் இழையாகப் போற்றப்படுவது 1215-ஆம் ஆண்டு ரன்னிமீடு வெளியில் ஜான் மன்னன் முத்திரையிட்ட மகாசாசனம். நாட்டுச் சட்டத்தின்படி அல்லாமல் எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்படுத்தலாகாது என்று அது விதித்தது. பெருமைக்குரிய விதியே. ஆனால், முதியவரின் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். எழுதுவித்தவர் யார்? வாளேந்திய பிரபுக்கள். கேட்கப்படாதவர் யார்? நிலத்தோடு பிணைக்கப்பட்டுப் பிரபுக்களின் வயல்களில் உழைத்த பண்ணையாட்கள். 'சுதந்திர மனிதன்' என்ற சொல்லில் அவர்கள் அடங்கிலர். அச்சாசனமும் சில வாரங்களே நின்றது. அதே ஆண்டில் போப்பாண்டவர் மூன்றாம் இன்னசெண்டு அது செல்லாது என்றார். பின்வந்தோர் அதனைத் திருத்தித் திருத்தி மீண்டும் வெளியிட்டமையால் அது நிலைபெற்றது.

அதன்பின் நெடும் போராட்டம். 1628-இல் உரிமை விண்ணப்பம். 1649-இல் சார்லஸ் மன்னனின் தலை வீழ்ந்தது. 1679-இல் ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டம். 1689-இல் உரிமைச் சாசனம். இவற்றுள் ஹேபியஸ் கார்ப்பஸ் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். சிறைப்பட்டவனின் உடலை நீதிபதியின் முன் கொணர்ந்து, எக்காரணத்தால் அடைத்தாய் என்பதைக் கூறு என்று சிறைப்படுத்தியவனுக்கு இடும் ஆணை அது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இப்போராட்டத்தின் முடிவில் மன்னனின் கையிலிருந்த கோல் மக்களின் கைக்கு வரவில்லை. பார்லிமெண்டின் கைக்கே சென்றது. பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தைச் செல்லாது என்று கூற அங்கு எந்த நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை. இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 1716-ஆம் ஆண்டிற்கு முன்பு பார்லிமெண்டின் ஆயுள் மூன்று ஆண்டு. மூன்று ஆண்டுக்கென மக்கள் தேர்ந்தெடுத்த அச்சபை, தன் ஆயுளைத் தானே ஏழு ஆண்டாக நீட்டிக்கொண்டது. மூன்று ஆண்டுக்கு நியமித்த மண்டோர், ஏழாண்டு இருப்பேன் எனத் தானே தாளில் எழுதிக்கொள்வதற்கு ஒப்பானது இது. தடுப்பார் இல்லை, ஏனெனில் தடுக்க வல்ல மேல் ஏடு ஒன்று அங்கில்லை.

ஏட்டில் எழுதிய அரசியல்

அமெரிக்கரோ இப்பார்லிமெண்டினாலேயே புண்பட்டவர்கள். தாங்கள் ஒருவரையும் தேர்ந்தனுப்பாத சபை தங்கள் மீது வரி விதித்ததே 1776-ஆம் ஆண்டுக் கலகத்தின் வேர். ஆதலால், விடுதலை பெற்றபின் எந்தச் சபைக்கும் கட்டற்ற அதிகாரம் அளிக்க அவர்கள் அஞ்சினர். 1787-ஆம் ஆண்டு கோடையில், பிலடெல்பியா நகரில் 55 பிரதிநிதிகள் கதவடைத்துக் கூடினர். இறுதியில் 39 பேர் கையொப்பமிட்டனர். ஏழே பகுதிகள் கொண்ட சிற்றேடு அது.

அதன் முறை யாதெனின், அதிகாரத்தை மூன்றாகப் பகுத்தலாம். சட்டம் இயற்றுவது காங்கிரஸ், நடத்துவது ஜனாதிபதி, வழக்குத் தீர்ப்பது நீதிமன்றம். ஒன்று மற்றொன்றைத் தடுக்க வல்லது. ஜனாதிபதி தம் கையொப்பத்தை மறுத்துச் சட்டத்தைத் தடுக்கலாம். காங்கிரஸின் இரு சபைகளும் மூன்றில் இரு பங்கினராய்த் திரண்டு அத்தடையை வெல்லலாம். இங்கிலாந்தில் பிரதம மந்திரி சபைக்குள் அமர்ந்து, சபை கைவிட்ட அன்றே வீழ்வார். அமெரிக்க ஜனாதிபதி சபைக்கு வெளியே இருந்து, விரும்பினாலும் வெறுத்தாலும் நான்கு ஆண்டு ஆள்வார். குற்றஞ்சாட்டி நீக்க வழி உண்டு. ஆனால் 1868-இல் ஆண்ட்ரு ஜான்சன், 1999-இல் கிளிண்டன், 2020-லும் 2021-லும் டிரம்ப் என நடந்த விசாரணை எதிலும் செனட்டுச் சபை எவரையும் குற்றவாளி எனத் தீர்க்கவில்லை.

ஏட்டைக் காப்பவர் யார் என்ற கேள்விக்கு ஏட்டிலேயே தெளிவான விடை இல்லை. 1803-ஆம் ஆண்டு, மார்பரிக்கும் மாடிசனுக்கும் நிகழ்ந்த வழக்கில், தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அவ்விடையைத் தந்தார். அரசியற் சட்டத்திற்கு மாறான சட்டம் சட்டமே அன்று. அது மாறானதா என்று கூறுவது நீதிமன்றத்தின் வேலை என்றார் அவர். அன்று முதல், இங்கிலாந்தின் நீதிபதிக்கு இல்லாத வாள் அமெரிக்க நீதிபதியின் கைக்கு வந்தது.

அவ்வேட்டைத் திருத்துதலும் எளிதன்று. காங்கிரஸின் இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும்; அதன்மேல் 50 மாநிலங்களுள் 38 ஒப்புதல் வேண்டும். இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் 27 திருத்தங்களே நிறைவேறின. அவற்றுள் முதற் பத்தும் 1791-ஆம் ஆண்டில் ஒருங்கே சேர்ந்த உரிமைப் பட்டியல்.

இதுவரை கூறியவற்றால், இங்கிலாந்து மூங்கில், அமெரிக்கா கருங்காலி என்று நேயர்கள் எண்ணலாம். ஒன்று வளையும், மற்றொன்று வளையாது. வளைவது நன்றா, வளையாதது நன்றா? வெறும் வாதத்தால் இதனைத் தீர்த்தல் இயலாது. உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். கேட்கப்படாத மனிதனே அவ்வுரைகல். அக்காலத்தில் அவ்விரு நாட்டுக் கொடிகளின் கீழும் அடிமை என்று அவனுக்குப் பெயர்.

ஒரு கிராணியும் ஓர் அடிமையும்

ஆப்பிரிக்காவிற் பிறந்து, வர்ஜீனியாவில் விற்கப்பட்ட ஜேம்ஸ் சாமர்செட் என்பவரை, அவருடைய எசமானர் சார்லஸ் ஸ்டூவர்ட் 1769-இல் இலண்டனுக்கு அழைத்து வந்தார். 1771-இல் சாமர்செட் அவரை விட்டு நீங்கினார். எசமானர் ஆள்விட்டுப் பிடித்து, ஜமைக்காவில் விற்பதற்காகத் தேம்ஸ் நதியில் நின்ற கப்பலொன்றில் விலங்கிட்டு வைத்தார். அவருக்கு ஞானப் பெற்றோராய் நின்றவர்கள் நீதிபதியிடம் ஓடி ஹேபியஸ் கார்ப்பஸ் ஆணை பெற்றனர்.

இவ்வழக்கிற்குப் பின்னின்று உதவியவர் கிரான்வில் ஷார்ப். அவர் வழக்கறிஞர் அல்லர், பிரபுவும் அல்லர், அரசாங்கத்துப் படைக்கல அலுவலகத்தில் ஒரு கிராணி. 1765-இல், எசமானனால் அடித்துத் துரத்தப்பட்ட ஜானதன் ஸ்டிராங் என்னும் அடிமைச் சிறுவனைக் கண்டு மனமிளகியவர். சட்ட நூல்களைத் தாமே கற்றவர். அடிமை முறைக்கு இங்கிலாந்தின் சட்டத்தில் இடமில்லை என்று காட்டி 1769-இல் நூலொன்று வெளியிட்டார். கணக்கறையில் அமர்ந்து பிறர் கடிதங்களை நகலெடுக்கும் எம்மனோர் இவர் வரலாற்றைப் படித்து வெட்கமும் ஊக்கமும் ஒருங்கே அடைதல் வேண்டும்.

1772-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்புக் கூறினார். அடிமை முறை அத்துணை வெறுக்கத்தக்கது. வெளிப்படையான சட்டம் ஒன்று இருந்தாலன்றி வேறெதுவும் அதனைத் தாங்காது. அத்தகைய சட்டம் இங்கில்லை. ஆதலால் இவரை விடுக்க என்பது அதன் கருத்து. ஏட்டில் எழுதாமை, எங்கள் முதியவரை வீட்டினின்று வெளியேற்றிற்று. சாமர்செட்டையோ கப்பலினின்று விடுவித்தது. எழுதப்படாமை ஒருவனுக்குச் சுவராகவும் மற்றொருவனுக்கு வாயிலாகவும் அமையும் என்பதை இதனால் அறிக.

ஆயினும் அத்தீர்ப்பை மிகைப்படுத்தலாகாது. இங்கிலாந்தினின்று ஒருவரை வலிந்து கொண்டுபோதல் கூடாது என்ற அளவில் அது நின்றது. கடலுக்கப்பால் கரும்புத் தோட்டங்களில் சாட்டை ஓயவில்லை. அதனை ஓயச் செய்யப் பார்லிமெண்டே முன்வர வேண்டியிருந்தது. 1807-இல் அடிமை வாணிகம் தடுக்கப்பட்டது. 1831-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் ஜமைக்கா அடிமைகள், சாம் ஷார்ப் என்பார் தலைமையில் வேலை செய்ய மறுத்தெழுந்தனர். அவர் 1832-இல் தூக்கிலிடப்பட்டார். 1833-இல், வாக்குரிமையே இல்லாத 1,87,000 பெண்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் பார்லிமெண்டின் வாயிலை அடைந்தது. அவ்வாண்டே அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஒரு சபை, ஒரு சட்டம், இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் இல்லை. மூங்கில் வளைந்தது.

வளைந்தது எப்பக்கம் என்பதையும் காண்க. நட்ட ஈடாக 2 கோடி பவுன் வழங்கப்பட்டது. யாருக்கு? முதுகு புண்ணானவர்க்கு அன்று, சாட்டை பிடித்தவர்க்கு. விடுதலை பெற்ற ஏறத்தாழ 8 இலட்சம் மக்களுக்கு ஒரு காசும் இல்லை. 1838 வரை 'பயிற்சியாட்கள்' என்ற பெயரில் அவர்களுட் பெரும்பாலோர் பழைய எசமானர்க்கே உழைத்தனர். இலங்கையையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் அச்சட்டம் ஒதுக்கி வைத்தது. ஒழிந்த அடிமைகளின் இடத்தை நிரப்ப, 1834 முதல் மொரிஷியசுக்கு இந்தியக் கூலிகள் ஒப்பந்தத்தின் பேரில் ஏற்றப்பட்டனர். அவ்வொப்பந்த முறையே பின்னர்ப் பினாங்குக்கு எதிர்க்கரையிலிருந்த கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழரைக் கொணர்ந்தது. மலாயாவிற்கு அது 1910-இல்தான் நின்றது. அவ்வொப்பந்தங்களையும் எழுதியவர் ஒருவர். கைந்நாட்டு இட்டவர் வேறொருவர். எம் பாட்டனாரும் நும் பாட்டனாரும் ஒரு வேளை அவ்வரிசையில் நின்றிருக்கக்கூடும்.

ஐந்தில் மூன்று மனிதன்

இனி அமெரிக்க ஏட்டை அதே கல்லில் உரைப்போம். 1787-ஆம் ஆண்டு ஏட்டில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாது. எழுதியோர்க்கு அச்சொல்லை எழுத நாணம். அப்பொருளை விடவோ மனமில்லை. ஆதலால் 'பிற மனிதர்' என்று எழுதினர். அப்'பிற மனிதர்' ஒவ்வொருவரையும், காங்கிரஸில் மாநிலங்களுக்குரிய இடங்களைக் கணக்கிடும்போது, ஐந்தில் மூன்று பங்காக எண்ணுக என்றனர். அவருக்கு வாக்கு இல்லை. அவர் தலையை எண்ணிப் பெற்ற இடங்களில் அமர்ந்தவர் அவர் எசமானர். அடிமை இறக்குமதியை 1808 வரை தடுக்கலாகாது என்றும், தப்பியோடியவனைத் திருப்பித் தருதல் வேண்டும் என்றும் அவ்வேடே விதித்தது. மேலும் கூறின், எழுதப்பட்டமையால் அக்கொடுமை திருத்தற்கரியதாயிற்று.

டிரெட் ஸ்காட் என்பவரின் வழக்கு இதனை விளக்கும். மிசூரி மாநிலத்து அடிமையான அவரை, படை மருத்துவராகிய எசமானர், அடிமை முறை தடுக்கப்பட்ட இல்லினாய் மாநிலத்திலும் விஸ்கான்சின் நிலப்பகுதியிலும் சில ஆண்டு வைத்திருந்தார். சுதந்திர மண்ணில் வாழ்ந்தமையால் தாமும் சுதந்திரர் என்று ஸ்காட் 1846-இல் வழக்கிட்டார். பதினோர் ஆண்டு நடந்த வழக்கில், 1857-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள், சுப்ரீம் கோர்ட்டுத் தலைமை நீதிபதி டானி தீர்ப்புரைத்தார். கறுப்பர் அரசியற் சட்டத்தின்படி குடிகளாகார். ஆதலால் வழக்கிடவும் உரிமையிலர். புதிய நிலப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கும் அதிகாரமில்லை. ஏனெனில் அடிமை உடைமை. உடைமையைக் காப்பதாக உரிமைப் பட்டியல் கூறுகிறது! நீதிபதிகள் எழுவர் அத்தீர்ப்பின் பக்கம். மக்லீன், கர்ட்டிஸ் என்னும் இருவரே எதிர்ப்பக்கம்.

நேயர்களே, இதனை ஊன்றி நோக்குக. 1803-இல் மார்ஷல் உறையினின்று உருவிய வாளை, காங்கிரஸின் சட்டமொன்றின்மேல் சுப்ரீம் கோர்ட்டு இரண்டாம் முறையாக வீசியது இவ்வழக்கில். மக்கள் உரிமைக்கு அரண் எனக் கட்டிய உரிமைப் பட்டியலே மனிதனை உடைமையாக்கும் சாட்சியாயிற்று.

அக்காலத்து அடிமை எதிர்ப்பாளர் இரு வழியாய்ப் பிரிந்தனர். வில்லியம் லாயிட் காரிசன், 1854-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் கூட்டத்தின் நடுவே அரசியற் சட்டத்தைத் தீயிட்டார். அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், முன்னர்க் காரிசனின் கருத்தையே கொண்டிருந்தவர்; 1851-இல் அதனை மாற்றிக்கொண்டார். ஏட்டின் சொற்களை உள்ளவாறே படித்தால் அவை விடுதலைக்கு இடந்தருவன. அவற்றைக் கொடியோர்க்கு விட்டுக்கொடுப்பானேன் என்றார். எரித்தவரின் சீற்றத்தில் நியாயம் இருந்தது. ஆனால், ஏட்டில் பங்கே அளிக்கப்படாத ஒருவர், அவ்வேடு எனக்கும் உரியது என்று கைநீட்டியதே எமக்குப் பெருவியப்பாய்த் தோன்றுகிறது.

கருங்காலி வளையாது, ஆகவே முறிந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 6 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-இல் 14-ஆம் திருத்தம், அந்நாட்டிற் பிறந்தவர் அனைவரும் குடிகளே என்றும், சட்டத்தின் காப்பு யாவர்க்கும் சமமே என்றும் எழுதிற்று. ஆனால் எழுத்து உடனே உயிர் பெற்றதா? இல்லை. 1896-இல் பிளெசி வழக்கில், வெள்ளையர்க்கு ஒரு வண்டி, கறுப்பர்க்கு ஒரு வண்டி என்று பிரிப்பது சமத்துவத்திற்கு மாறன்று என அதே சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. ஹார்லன் என்னும் ஒரே நீதிபதி மறுத்தார். 1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், பிரௌன் வழக்கில் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமுகமாய்ப் பள்ளிகளில் அப்பிரிவினை செல்லாதென்றனர். இரண்டு தீர்ப்புகளும் எந்தச் சொற்களின்மேல் எழுந்தன? 1868-இல் எழுதிய அதே சொற்களின்மேல். ஏடு மாறவில்லை, படித்தவர் மாறினர், படிக்குமாறு செய்தவர் ஓயாது வழக்கிட்டனர்.

போர்க்காலச் சோதனை

அடிமைக் காலம் தொலைந்தது. இக்காலத்திற்கு அக்கதை எதற்கு என்பார் உளராயின், அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இவ்விரு முறைகளும் ஒரே தேர்வை எழுதின.

இங்கிலாந்தில் ராபர்ட் லிவர்சிட்ஜ் என்பவரை உள்நாட்டு மந்திரி ஆண்டர்சன் விசாரணையின்றிச் சிறையிலிட்டார். தக்க காரணம் உண்டென்று மந்திரி கூறினாற் போதும். காரணத்தை நீதிமன்றத்திற்குக் காட்ட வேண்டியதில்லை என்று 1941-இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் நால்வர் தீர்த்தனர். அட்கின் பிரபு ஒருவரே மறுத்தார். அமெரிக்காவில், 1942-ஆம் ஆண்டு ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின்படி, ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடிழந்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டுக் குடிகளே. கலிபோர்னியாவிற் பிறந்த பிரெட் கொரமட்சு இதனை எதிர்த்து வழக்கிட்டார். 1944-இல் அறுவர்க்கு மூவராய் அவரும் தோற்றார். எழுதாத நாட்டில் மரபு காக்கவில்லை; எழுதிய நாட்டில் உரிமைப் பட்டியலும் காக்கவில்லை.

தவற்றை உணர்ந்து திருந்திய வகையிலும் அவ்விரு நாடுகளின் இயல்பு வெளிப்பட்டது. அமெரிக்காவில் 1988-இல் காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டு, உயிருடனிருந்தோர் ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் அளித்தது. அத்தீர்ப்பு பெருந்தவறு என்று சுப்ரீம் கோர்ட்டு கூற 2018-ஆம் ஆண்டு ஆயிற்று. அதனைக் கூறியதும், சில நாட்டவர் நுழைவதைத் தடுத்த ஜனாதிபதியின் ஆணையை ஏற்றுக்கொண்ட வேறொரு தீர்ப்பின் நடுவேதான்.

இங்கிலாந்தில், 1998-ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டத்தால் நீதிபதிகளுக்குப் புதியதோர் அதிகாரம் கிடைத்தது. ஒரு சட்டம் மனித உரிமைக்கு முரணானது என்று அவர்கள் அறிவிக்கலாம். அழிக்க மட்டும் இயலாது. அயல்நாட்டவரை விசாரணையின்றி அடைத்து வைத்த சட்டத்தை 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஒன்பதின்மருள் எண்மர் அவ்வாறு முரணென்று அறிவித்தனர். அறிவித்த அன்றே கதவு திறக்கவில்லை. பார்லிமெண்டு மறு ஆண்டில் வேறு சட்டம் இயற்றிய பின்னரே அம்முறை நீங்கியது. அமெரிக்க நீதிபதி வாளால் வெட்டுவார்; ஆங்கில நீதிபதி பழுதைச் சுட்டிக்காட்டுவார்; திருத்துதல் இன்றும் பார்லிமெண்டின் கையிலேயே உள்ளது. 2009-இல் அந்நாட்டிலும் சுப்ரீம் கோர்ட்டு என்ற பெயரில் தனி மன்றம் எழுந்தது. எனினும் இந்நிலை மாறவில்லை.

எமது வாயிலில்

இவ்விரு முறைகளின் வாரிசுகளே நாமும். 1957-ஆம் ஆண்டு மலாயா ஏற்ற அரசியற் சட்டம், பார்லிமெண்டையும் பிரதம மந்திரியையும் ஆங்கிலேயர் வகையில் அமைத்தது. ஆனால் அதன் 4-ஆம் விதி, அவ்வேடே நாட்டின் தலையாய சட்டம் என்றும், அதற்கு மாறான சட்டம் மாறான அளவில் செல்லாது என்றும் அமெரிக்கர் வகையில் கூறுகிறது. சிங்கப்பூரின் அரசியற் சட்டத்தின் 4-ஆம் விதியும் அத்தகையதே. எவரையும் அடிமையாக வைத்தல் கூடாது என்பதும், சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பதும் இரு நாட்டு ஏடுகளிலும் உள. நம்மிற் பலர் வீட்டில் பஞ்சாங்கம் உண்டு, இவ்வேடு உண்டா?

எழுத்துப் பெரிதா, வழக்கம் பெரிதா என்ற கேள்வி முதற் கேள்வி அன்று என்பதே யாம் கண்ட முடிவு. எழுதியவர் யார், கேட்கப்படாதவர் யார், கேட்கப்படாதவர் உள்ளே புக வாயில் உண்டா என்பனவே முதற் கேள்விகள். பார்லிமெண்டைத் தலையாய் வைத்த நாட்டில் அவ்வாயில் அகலமானது. நன்மையும் விரைந்து நுழையும், தீமையும் விரைந்து நுழையும். ஏட்டைத் தலையாய் வைத்த நாட்டில் அவ்வாயில் குறுகியது. இரண்டும் மெல்லவே நுழையும், நுழைந்தபின் மெல்லவே வெளியேறும். எவ்வாயிலும் தானே திறந்ததாக வரலாறு இல்லை. சாமர்செட்டும் ஸ்காட்டும் கொரமட்சும் தட்டினர். தட்டத் தெரியாதவர்க்காக ஒரு கிராணி சட்டம் படித்தார்.

நிற்க. முதியவரின் வீடு என்னாயிற்று என நேயர்கள் வினவலாம். அவர் கேள்வி எம்மை உறங்க விடாமையால், ஓய்ந்த தொழிலாளர் பதினொருவர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றை ஆங்கிலத்தில் வரைந்து கொடுத்தோம். கடிதத்தைத் தட்டச்சிட்ட அதே கையால் விண்ணப்பத்தையும் தட்டச்சிட்டோம். எஞ்சியோர்க்கு ஓராண்டுத் தவணை கிடைத்தது. ஆனால் அம்மறுமொழி வருமுன்பே, அவர் தம் தட்டுமுட்டுகளை ஒரு வாடகை வண்டியிலேற்றி மகள் வீட்டிற்குச் சென்றுவிட்டார். "எழுதும்போது கேட்டார்களா?" என்ற கேள்விக்கு, "இல்லை, பெரியவரே" என்று நேர்நின்று கூறும் வாய்ப்பை யாம் இழந்தோம்.

இப்போது ஞாயிறுதோறும் மாலையில், தோட்டத்துப் படிப்பகத்தில் சிலர் கூடி அரசியற் சட்டத்தின் விதியொன்றைத் தமிழிற் படித்துப் பேசுகின்றோம். சென்ற வாரம் 8-ஆம் விதி. பெண்கள் நால்வரும் ஆண்கள் எழுவரும் வந்திருந்தனர். இவ்வாரம் இன்னும் சிலர் வருவர் என எதிர்பார்க்கிறோம்.